ஓட்டையை அடிப்பதா, ஓட்டையை அடைத்த இடத்தை அடிப்பதா?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எதிரணியின் டிஃபென்ஸ் (தடுக்கும் தரப்பு) மோசம் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. அதை ஒரு அஃபென்ஸ் (பந்தோடு முன்னேறும் தரப்பு) எப்படிக் குறிவைக்கும்? பலவீனமான ஆளைப் பார்த்து, அவர் பக்கமே திரும்பத் திரும்பப் போனால் போதாதா?

சில சமயம் போதும். பெரும்பாலும் போதாது. உங்கள் கண்ணில் படும் ஓட்டை அந்த அணியின் கோச் கண்ணிலும் பட்டிருக்கும். அவர் சும்மா இருக்க மாட்டார். எங்கிருந்தாவது ஒரு ஆளை இழுத்து வந்து அடைப்பார். ஆனால் களத்தில் இருப்பது பதினொரு பேர்தான். ஒரு இடத்தை அடைத்தால் இன்னொரு இடத்தில் ஆள் குறையும். அந்த இன்னொரு இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் அஃபென்ஸ் கோச்சின் உண்மையான வேலை.

இதற்கு ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் 2021, 2022 டிஃபென்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. பரம எதிரியான மிச்சிகன் அடுத்தடுத்த இரண்டு வருடம் அதை அடித்தது, இரண்டு முறையும் நேரெதிர் வழியில். நான் மிச்சிகன் பக்கம் சாய்ந்தவன். அந்த ஆசையைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் ஒரு சின்னக் கணக்கு. அஃபென்ஸுக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன், அதில் ஆடுவது ஒரு பிளே. அதற்குள் 10 யார்டு நகர வேண்டும். நகர்ந்தால் மறுபடி நான்கு. முன்வரிசையில் ஐந்து லைன்மேன்கள் தோளோடு தோள் நிற்பார்கள். அவர்களுக்கு நடுவிலும் இரண்டு ஓரத்திலும் சேர்த்து ஆறு சந்து. ஓரத்தில் ஒரு டைட் எண்டை (தடுக்கவும் செய்வார், எறியும் பந்தைப் பிடிக்கவும் செய்வார்) நிறுத்தினால் ஏழு, இரண்டு பேரை நிறுத்தினால் எட்டு. பந்தோடு ஓடி வருபவரைத் தடுக்க ஒவ்வொரு சந்துக்கும் ஒருவர் பொறுப்பு. மீதிப் பேர்தான் பாஸை, அதாவது எறியப்படும் பந்தை, பார்த்துக்கொள்ள மிஞ்சுவார்கள்.

கிரிக்கெட்டில் அடி வாங்கும் பவுலரைக் கேப்டன் நிறுத்திவிடலாம். இங்கே ஒருவரை வெளியே எடுத்தால் அவரைவிடச் சின்னப் பையன் உள்ளே வருவான், அடுத்த பிளேயிலேயே அவனும் ஒரு சந்துக்குப் பொறுப்பு. ஒளித்துவைக்க இடம் கிடையாது. கல்லூரி ஆட்டத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கொடுக்கக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதி. முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஒரு லைன்பேக்கரின் பார்க்கும் பழக்கத்தையே மாற்ற வேண்டுமென்றால் அந்த நேரம் பற்றாது. அதனால் செப்டம்பரில் தெரிந்த குறை நவம்பரிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். அஃபென்ஸ் கோச்சுகள் மூன்று மாதம் பழைய வீடியோவைத் தோண்டுவது வீண் வேலை இல்லை.

சரி, ஒஹாயோ ஸ்டேட்டுக்கு என்ன ஆனது? 2020 சீசனில் தேசிய இறுதி ஆட்டம் வரை போய் அலபாமாவிடம் 52–24 என்று தோற்ற அணி அது. அந்த அணியின் அனுபவமுள்ள நான்கு லைன்பேக்கர்கள், டஃப் போர்லண்ட், பீட் வெர்னர், பேரன் பிரவுனிங், ஜஸ்டின் ஹில்லியர்ட், ஒரே நேரத்தில் கல்லூரியை விட்டுப் போனார்கள். 2021இல் அந்த இடத்துக்கு வந்தவர்களில் ஸ்டீல் சேம்பர்ஸ் என்பவர் அதுவரை ரன்னிங் பேக். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தவர், சீசன் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஓடுபவரைப் பிடிக்கும் வேலைக்கு மாறினார்.

லைன்பேக்கர் வேலை உடல் பலத்தைவிடக் கண் சார்ந்தது. முன்வரிசைக்கு நாலைந்து யார்டு பின்னால் நிற்பார். பந்து நகர்ந்த நொடியில் எதிரே நிற்கும் கார்டு (ஐந்து லைன்மேன்களில் நடு ஆளுக்குப் பக்கத்தில் நிற்பவர்) எந்தப் பக்கம் அடியெடுத்து வைக்கிறார் என்று பார்க்க வேண்டும். அந்த முதல் அடியை வைத்து இது ஓட்டமா பாஸா, எந்தச் சந்து என் பொறுப்பு என்று முடிவெடுக்க வேண்டும். பழகியவருக்கு இது யோசனையே இல்லை. புதியவர் அரை நொடி யோசிப்பார். அந்த அரை நொடிக்குள் எதிரணி ஓட்டக்காரர் அவரைத் தாண்டியிருப்பார்.

முதலில் இதைக் காசாக்கியது ஒரேகன். 2021 செப்டம்பர் 11, கொலம்பஸ், ஒஹாயோ ஸ்டேட்டின் சொந்த மைதானம். கெர்ரி கூம்ப்ஸ் நடத்திய அந்த டிஃபென்ஸ் பெரும்பாலும் ஒரே ஒரு சேஃப்டியை (கடைசிக் காவலாளி) ஆழத்தில் நிறுத்தி, மற்றவர்களை ஏறக்குறைய ஒரே அமைப்பில் வைத்து ஆடியது. ஒரேகனின் அஃபென்ஸை நடத்திய ஜோ மூர்ஹெட் பார்த்தது மைதானத்தின் குறுகிய பக்கத்தை.

இது கல்லூரி ஆட்டத்துக்கே உரிய விஷயம் என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். பந்து எங்கே நின்றதோ அங்கிருந்து அடுத்த பிளே தொடங்கும். ஆனால் ஓரமாக நின்றிருந்தால், களத்தில் வரைந்திருக்கும் ஹாஷ் கோடு வரை உள்ளே கொண்டுவந்து வைப்பார்கள். தொழில்முறை ஆட்டத்தில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் இடைவெளி 18 அடி 6 அங்குலம். அதனால் பந்து எப்போதும் கிட்டத்தட்ட நடுவில்தான் இருக்கும். கல்லூரியில் அந்த இடைவெளி 40 அடி. பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் பெரிய மைதானம், இன்னொரு பக்கம் சின்னச் சந்து. டிஃபென்ஸ் இயல்பாகவே பெரிய பக்கத்துக்குக் கூடுதல் ஆட்களை அனுப்பும், சின்னப் பக்கத்தில் கோடே ஒரு ஆள் மாதிரி தடுக்கும் என்று நம்பும். ஒரேகன் அந்தச் சின்னப் பக்கத்திலேயே தடுப்பாட்களைக் குவித்து ஓடியது. ஒஹாயோ ஸ்டேட் அங்கே ஆள் சேர்க்கவில்லை. மறுபடி ஓடியது. அப்போதும் சேர்க்கவில்லை. சி.ஜே. வெர்டெல் 20 ஓட்டத்தில் 161 யார்டு எடுத்தார், அதில் ஒன்று 77 யார்டு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் ஸ்கோர்). ஒஹாயோ ஸ்டேட்டின் சொந்த அஃபென்ஸ் அன்று 600 யார்டுக்கு மேல் எடுத்தும் அணி 35–28 என்று தோற்றது. போதாக்குறைக்கு சேஃப்டி ஜாஷ் பிராக்டர் அந்த ஆட்டத்தில் கால் முறிந்து சீசனையே இழந்தார்.

ஆக, கேள்வியில் இருந்த வழி வேலை செய்தது. ஒரே இடம், திரும்பத் திரும்ப. டிஃபென்ஸ் கோச் மாற்றமே செய்யாதவரை அது வேலை செய்யும்.

அதன்பிறகு தலைமைக் கோச் ரயன் டே, பிளே சொல்லும் பொறுப்பைக் கூம்ப்ஸிடமிருந்து எடுத்து மேட் பார்ன்ஸிடம் கொடுத்தார். அமைப்பு மாறியது. அடுத்த வாரம் டல்ஸா 400 யார்டுக்கு மேல் பாஸ் எடுத்தாலும் ஒஹாயோ ஸ்டேட் 41–20 என்று ஜெயித்தது. அப்புறம் வரிசையாக வெற்றிகள். நவம்பர் 20ஆம் தேதி மிச்சிகன் ஸ்டேட்டை 56–7 என்று துவைத்து எடுத்தார்கள். அந்த வருடத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்களில் ஒருவரான கென்னத் வாக்கர் அன்று எடுத்தது 6 ஓட்டத்தில் 25 யார்டு. டிஃபென்ஸ் சரியாகிவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள்.

அந்த எண்ணைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். இடைவேளையில் ஸ்கோர் 49–0. அவ்வளவு பின்தங்கிய அணி ஓடிக்கொண்டிருக்க முடியாது, எறிந்துதான் ஆக வேண்டும். வாக்கருக்குப் பந்து கொடுக்கவே வாய்ப்பில்லை. ஒஹாயோ ஸ்டேட்டின் அஃபென்ஸ் அந்த வருடம் ஸ்கோரிலும் யார்டிலும் நாட்டிலேயே முதலிடம். அது எதிரணியைச் சீக்கிரமே பாஸ் ஆட்டத்துக்குத் தள்ளிவிடும், அதனால் ஓட்டத்தைத் தடுக்கும் பரீட்சையே டிஃபென்ஸுக்கு வராமல் போகும். ஒரு டிஃபென்ஸைப் படிக்கும்போது மொத்த சராசரியைப் பார்க்காமல், ஆட்டம் நெருக்கமாக இருந்த நேரங்களை மட்டும் வெட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மிச்சிகன் 2021 நவம்பர் 27ஆம் தேதி சொந்த ஊரான ஆன் ஆர்பரில் இறங்கியபோது ஒஹாயோ ஸ்டேட்டிடம் தொடர்ந்து எட்டு ஆட்டம் தோற்றிருந்தது. கோச் ஜிம் ஹார்பா அந்த எதிரியை ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. அவருடைய அஃபென்ஸ் கோச்சுகள் ஜாஷ் காட்டிஸும் ஷெரோன் மூரும் போட்ட திட்டத்தின் முதல் தேவை, ஸ்கோரை நெருக்கமாக வைத்திருப்பது. அவசரப்பட்டு எறிய வேண்டிய நிலைக்குப் போகாமலிருந்தால், மிச்சிகன் ஸ்டேட்டுக்குக் கிடைக்காத பரீட்சை நேரம் தங்களுக்குக் கிடைக்கும். இடைவேளையில் ஸ்கோர் மிச்சிகன் 14, ஒஹாயோ ஸ்டேட் 13.

இரண்டாவது தேவை சந்துக் கணக்கு. ஒஹாயோ ஸ்டேட் பெரும்பாலும் நான்கு முன்வரிசை, இரண்டு லைன்பேக்கர், ஐந்து பின்வரிசை என்று ஆடியது. பாஸ் அதிகமாக எறியும் அணிகளுக்கு எதிராக இது நல்ல ஏற்பாடு. மிச்சிகனோ டைட் எண்டுகளைக் களத்தில் இறக்கிச் சந்துகளைக் கூட்டியது. எட்டுச் சந்துக்கு முன்வரிசையும் லைன்பேக்கரும் சேர்ந்து ஆறு பேர்தான். மீதிக்குப் பின்வரிசைப் பையன்கள் வர வேண்டும். பாஸைத் துரத்துவதற்காக வளர்க்கப்பட்ட ஒல்லியான ஆள், கிட்டத்தட்ட 100 கிலோ எடையுள்ள ஹசன் ஹாஸ்கின்ஸ் முழு வேகத்தில் வரும்போது எதிரே நிற்க வேண்டும். முதல் கால்பகுதியில் சமாளிப்பார். பனி கொட்டும் மதியத்தில், நான்காம் கால்பகுதியில், இருபதாவது முறையாக?

மூன்றாவது, அந்த லைன்பேக்கர்களின் கண். மிச்சிகன் அந்த வருடம் கார்டை இழுத்து ஓட்டும் பிளேக்களை நிறைய வைத்திருந்தது. நடப்பது இதுதான்: ரன்னிங் பேக் முதல் அடியை இடப்பக்கம் வைப்பார். முன்வரிசையும் இடப்பக்கம் சாயும். ஆனால் ஒரு கார்டு மட்டும் வரிசையிலிருந்து விலகி, மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் வலப்பக்கம் ஓடுவார். ரன்னிங் பேக் திரும்பி அவர் பின்னாலேயே போவார். லைன்பேக்கருக்கு முரண்பட்ட இரண்டு செய்தி வருகிறது. பழையவர் கார்டை மட்டும் நம்புவார். புதியவர் ரன்னிங் பேக்கை எட்டிப் பார்ப்பார், பார்த்துவிட்டால் தொலைந்தார். அந்த லைன், ரயன் ஹேஸ், டிரெவர் கீகன், ஆண்ட்ரூ வஸ்டார்டிஸ், ஜாக் ஜின்டர், ஆண்ட்ரூ ஸ்டூபர், நாட்டின் சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருதை அந்த வருடம் வாங்கியது. எதிரியின் ஓட்டை உங்கள் பலத்துக்கு நேரே இருந்தால்தான் உங்களுக்குப் பயன். மிச்சிகனுக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது.

இரண்டாம் பாதி தொடங்கியதும் பிளேக் கோரம் 55 யார்டு ஓடினார், ஹாஸ்கின்ஸ் 13 யார்டில் முடித்தார். அதற்கப்புறம் மூன்று டச்டவுன், மூன்றும் ஹாஸ்கின்ஸ். மொத்தம் 28 ஓட்டம், 169 யார்டு, 5 டச்டவுன். அணியின் ஓட்டம் 297 யார்டு, ஸ்கோர் 42–27. பின்னர் காட்டிஸ், ஒஹாயோ ஸ்டேட் நளினமான அணிதான், முரட்டு அணி இல்லை என்ற பொருளில் ஏதோ சொல்லப்போக, கொலம்பஸில் அது ஒரு வருடம் கொதித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கொதிப்புக்கும் அடுத்த வருடக் கதைக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் ஒஹாயோ ஸ்டேட் உடனே போய் ஒக்லஹோமா ஸ்டேட்டிலிருந்து டிஃபென்ஸ் கோச் ஜிம் நோல்ஸைக் கொண்டுவந்தது. ஆக்ரோஷமாக ஆள் அனுப்பி நெருக்கும் டிஃபென்ஸ் அவருடையது. 2022 முழுவதும் அது நன்றாகவே ஆடியது. நவம்பர் 26ஆம் தேதி, கொலம்பஸில், இரண்டு அணியும் தோல்வியே இல்லாமல் மோதின. போன வருடம் நம்மை ஓடியே அடித்தார்கள், இந்த வருடம் ஓட விடக் கூடாது: இதுதான் அந்த டிஃபென்ஸின் தலைக்குள் இருந்த ஒரே எண்ணம். சேஃப்டிகளை முன்னால் கொண்டுவந்தார்கள். ஓட்டம் உண்மையிலேயே நின்றது. கோரமும் முந்தைய வாரம் முழங்காலில் அடிபட்டு, இரண்டு முறை ஓடிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். இடைவேளையில் ஒஹாயோ ஸ்டேட் 20–17 முன்னிலை.

ஆனால் அந்த 17 எப்படி வந்தது என்று பாருங்கள். ஒரு மூன்றாம் டவுன், பிளிட்ஸ் (எறிபவரை நெருக்கக் கூடுதல் ஆட்கள்) அனுப்பியிருக்கிறார்கள், ஆழத்தில் யாருமில்லை. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி கொர்னீலியஸ் ஜான்சனுக்கு ஒரு சாதாரணப் பாஸ் எறிகிறார். ஜான்சனைக் காவல் காக்கும் கார்னர்பேக் அவரைப் பிடிக்கப் பாய்ந்து தவறவிடுகிறார். வழக்கமாக அந்த இடத்தில் சேஃப்டி வந்து 15 யார்டில் நிறுத்திவிடுவார். சேஃப்டி இல்லை. 69 யார்டு டச்டவுன். கொஞ்ச நேரத்தில் அதே ஜான்சன், காவலாளியைத் தாண்டி ஓடி 75 யார்டு. இடைவேளைக்குப் பிறகு டைட் எண்ட் கோல்ஸ்டன் லவ்லண்ட் 45 யார்டு.

நான்காம் கால்பகுதியில் டோனவன் எட்வர்ட்ஸ், கையில் கட்டோடு, 75 யார்டும் 85 யார்டும் ஓடி இரண்டு டச்டவுன். அவருடைய கணக்கு 22 ஓட்டம், 216 யார்டு. அந்த இரண்டைக் கழித்தால் மீதி 20 ஓட்டத்தில் 56 யார்டு, சராசரி 3 யார்டுகூட இல்லை. அதாவது 20 முறை நோல்ஸின் திட்டம் ஜெயித்தது. இரண்டு முறை முன்னால் குவிந்த கூட்டத்தை எட்வர்ட்ஸ் தாண்டினார், பின்னால் பிடிக்க ஆளில்லை. ஸ்கோர் 45–23.

2021இல் அடி வாங்கிய இடத்தை அடைத்ததும் 2022இல் அடைப்புக்குப் பின்னால் இருந்த வெற்றிடம் அடி வாங்கியது. நல்ல டிஃபென்ஸ், கெட்ட டிஃபென்ஸ் என்ற பேச்சைவிட, எந்தப் பயத்தில் ஆடுகிறது என்ற கேள்வி எனக்குப் பயனுள்ளதாகத் தெரிகிறது. முந்தைய தோல்வியைப் பார்த்தால் பயம் தெரியும். பயம் தெரிந்தால் ஆட்கள் எங்கே குவிவார்கள் என்று தெரியும்.

இந்த இரண்டுக்கும் வெளியே சில கருவிகள் உண்டு. ஆர்.பி.ஓ. என்று சொல்வார்கள்: ஒரே பிளேயில் ஓட்டமும் பாஸும் இருக்கும். குவார்ட்டர்பேக் ஒரு லைன்பேக்கரை மட்டும் பார்ப்பார். அவர் முன்னால் வந்தால் பந்தை அவர் முதுகுக்குப் பின்னால் எறிவார். பின்னால் போனால் ரன்னிங் பேக்கிடம் கொடுத்துவிடுவார். அந்த லைன்பேக்கர் எதைச் செய்தாலும் தப்பு. கல்லூரி விதிப்படி பாஸ் எறியும்போது லைன்மேன்கள் 3 யார்டு வரை முன்னேறலாம். தொழில்முறையில் 1 யார்டுதான். அதனால் கல்லூரியில் இது ஓட்டம் மாதிரியே தெரியும். தயங்கும் லைன்பேக்கர் இருக்கும் அணிக்கு எதிராக நான் முதலில் எடுக்கும் கருவி இதுதான்.

வேகமும் அப்படியே. அஃபென்ஸ் ஆளை மாற்றினால் டிஃபென்ஸுக்கும் மாற்ற நேரம் கொடுக்க வேண்டும். மாற்றாமல் அடுத்தடுத்துப் பிளே தொடங்கினால், மூச்சு வாங்கும் முன்வரிசை அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் உங்கள் அஃபென்ஸ் மூன்று பிளேயில் தோற்று வெளியே வந்தால் களைத்துப்போவது உங்கள் டிஃபென்ஸ்தான். அதனால் இதை எல்லா அணிக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஓட்டை தெரிந்தும் அதைத் தொடாமல் விட்டவர்களும் உண்டு. இதையும் அதே இரண்டு அணிகள்தான் காட்டின. 2024 நவம்பர் 30, கொலம்பஸ். மிச்சிகன் 6 வெற்றி 5 தோல்வியோடு தள்ளாடி வந்திருந்தது. அவர்களுடைய சிறந்த கார்னர்பேக் வில் ஜான்சன் காயத்தில் உட்கார்ந்திருந்தார். ஒஹாயோ ஸ்டேட்டிடம் ஜெரமையா ஸ்மித், எமேகா எக்புகா, கார்னெல் டேட் என்று பாஸ் பிடிப்பதில் அபாரமான மூன்று ரிசீவர்கள். பாஸ் எறிய வேண்டும் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அவர்களோ மிச்சிகன் டிஃபென்ஸிலேயே வலுவான இடமான நடுவில், மேசன் கிரஹாமும் கென்னத் கிரான்ட்டும் நிற்கும் இடத்திலேயே, மறுபடி மறுபடி மோதினார்கள். ஓட்டத்தில் 100 யார்டுகூடத் தேறவில்லை. 62 யார்டு மட்டுமே பாஸ் எறிந்த மிச்சிகன் 13–10 என்று ஜெயித்துவிட்டுப் போனது. தங்களை நளினமான அணி என்று சொன்னவர்களுக்கு முரட்டுத்தனத்தைக் காட்ட வேண்டும் என்ற வீம்பு அந்தப் பிளேக்களில் இருந்தது என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது.

மூன்று வாரம் கழித்து அதே ஒஹாயோ ஸ்டேட் பிளேஆஃபில் டென்னஸியைச் சந்தித்தபோது முதலிலேயே ஸ்மித்துக்கு ஆழமாக எறிந்தார்கள், 42–17. அடுத்தது அக்டோபரில் தங்களை 32–31 என்று தோற்கடித்திருந்த ஒரேகன். ஆட்டம் தொடங்கிச் சில பிளேக்களிலேயே ஸ்மித்துக்கு 45 யார்டு டச்டவுன். இடைவேளை வருவதற்குள் ஸ்கோர் 34–0 ஆகியிருந்தது.